தாழ்வண்டியார்

வேகத்தடை மீது நேராக ஏறாமல், முதலில் இடது முன்சக்கரம், அப்புறம் வலது முன்சக்கரம், பிறகு ஒரு பெருமூச்சு, அதற்கும் பிறகு பின்சக்கரங்கள் என்று தவணை முறையில் குறுக்கே ஏறி இறங்கும் கார் ஒன்று உங்கள் முன்னால் போனால் ஹாரன் அடிக்காதீர்கள். உள்ளே இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு காதைத் தரையில் வைத்திருக்கிறார். கூட வந்த நண்பர்கள் மூன்று பேரும் தடைக்கு முன்பே இறங்கி ஓரமாக நடந்து வருவார்கள். அவர்கள் இறங்கினால் வண்டி அரை அங்குலம் மேலே எழும். அந்த வண்டியைக் காசு கொடுத்து இரண்டு அங்குலம் கீழே இறக்கியவரும் அவரேதான்.

கோவையில் இந்த வகையினருக்குப் பஞ்சம் கிடையாது. நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊர். செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர். பந்தய ஆசை இங்கே சிறுவாணித் தண்ணீரோடு சேர்ந்தே குழாயில் வருகிறது. 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது. அப்பா பெயரில் இருக்கும் ஸ்விஃப்டை இறக்கும் பாக்கியம் பலருக்கும் கிடைக்கும். இவர்களை நான் தாழ்வண்டியார் என்று அழைப்பது வழக்கம். வயது 22 என்றாலும் மரியாதையைக் குறைக்க மனம் வரவில்லை. மாநகராட்சிக் குழிகளை இவ்வளவு பயபக்தியோடு பார்ப்பவர் வேறு யாரும் ஊரில் இல்லை.

ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டால் “சென்டர் ஆஃப் கிராவிட்டி” என்பார். திருப்பத்தில் வண்டி சாயாதாம், சாலையைக் கவ்விப் பிடிக்குமாம். உண்மைக் காரணம் டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள நான்கு விரல் இடைவெளி. அந்த இடைவெளி அவரைத் தூங்கவிடவில்லை. இறக்கிய பிறகு ஒரு விரலும் நுழையாது. இப்போது நன்றாகத் தூங்குகிறார். அவரிடம் நான் இதுவரை சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ஸ்விஃப்டில் இருப்பது மாதிரியான மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் வண்டியை அளவுக்கு மீறி இறக்கினால், உடலின் எடைமையம் இறங்குவதைவிட அந்த உடல் சாய்ந்து ஆடும் மையம் இன்னும் வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடக் கூட, வண்டிக்குச் சாயும் ஆசைதான் கூடும். கடினமான ஸ்பிரிங் அந்த ஆசையை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். சொன்னால் மனம் உடைந்துவிடும்.

தாழ்வண்டியார்களில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவு, காசு சேர்த்து அளவாகச் செய்த லோயரிங் ஸ்பிரிங்கோ, திருகி உயரம் மாற்றும் காயிலோவரோ வாங்கிப் போடுகிறது. இவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு பிரிவு ‘கட்டிங் வீல்’ பிரிவு. கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றி, பொறி பறக்க ஒரு சுற்றை அறுத்து எறிந்துவிட்டு மாட்டுவார்கள். ஆறு சுற்றில் ஒன்று போனால் மீதி ஐந்து சுற்றும் 20 சதவீதம் அதிகமாக விறைத்துக்கொள்ளும். ஷாக் அப்சார்பர் மட்டும் பழைய நீளத்தையே நம்பிக்கொண்டிருக்கும். வண்டி பள்ளத்தில் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நகர்ந்து, திரும்ப உட்காரும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். கேட்டால், ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் என்றால் அப்படித்தான் பேசுமாம்.

கணக்குப் பார்த்தால் தேறாமல் போகாது என்பதும் அவர் வாதம். 2018 ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லி இறக்கினால் மீதி 113. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி அல்ல, சாலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமைப்பு) சொல்லும் வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். ஆக 13 மில்லி மிச்சம். காகிதத்தில் கார் தாண்டிவிட்டது. ஆனால் நம் தெருவில் தடை போடுகிறவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தவரில்லை. கல்யாண மண்டப வாசலில் ஒன்று, ஸ்கூல் கேட்டில் இரண்டு, கவுன்சிலர் வீட்டு முன்னால் சற்றே தாராளமாக ஒன்று என்று கை போன போக்கில் தார் ஊற்றியிருப்பார். கவுண்டம்பாளையத்திலிருந்து சிங்காநல்லூர் வரை எந்தத் தடை எவ்வளவு உயரம் என்பதைத் தாழ்வண்டியார் மனப்பாடமாக வைத்திருக்கிறார். நெடுஞ்சாலைத் துறையில் இவருக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கலாம். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை நீளும் மேம்பாலம் தனக்காகவே கட்டப்பட்டது என்பது அவர் எண்ணம். அதில் ஏறியதும் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்க்கவேண்டும்.

இவ்வளவு கவனமும் வண்டியின் அடிவயிற்றுக்குத்தான். டயர் விஷயத்தில் அவர் குழந்தை.

இறக்கிய கையோடு அலைன்மென்ட் பார்க்கவேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு மறுபடி ஒரு தரம் பார்க்கவேண்டும். இதுதான் முறை. தாழ்வண்டியாரின் முறை வேறு: இறக்கு, கழுவு, பாலிஷ் போடு, ரேஸ் கோர்ஸ் சாலையில் இரண்டு சுற்று வா, படம் எடு. படமெடுப்பதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. அலாய் வீலின் முகம் கேமராவைப் பார்க்கும்படி ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தவேண்டும். டயரின் பட்டன் தெரியக்கூடாது. அப்படியே பழகிப் பழகி, தன் டயரின் உள்விளிம்பு எப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்துபோய்விட்டார். வெளிப்பக்கத்துக்கு வாரம் ஒரு தடவை டயர் பாலிஷ். உள்பக்கத்துக்கு நாதியில்லை.

கீழே நடப்பது இது. வண்டி இறங்கும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் ஒரு வட்டத்தில் மேலே போகிறது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராட் வேறொரு வட்டத்தில் போகிறது. இரண்டும் ஒரே நீளமில்லை, ஒரே இடத்தில் கட்டியதுமில்லை. விளைவு, சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாய்ந்துவிடும், அது கேம்பர். சக்கரம் போகவேண்டிய திசையையும் விட்டு விலகிவிடும், அது டோ. கேம்பரைக் கண்ணால் பார்க்கலாம், பார்த்துப் பெருமைப்படலாம். டோ கண்ணுக்குத் தெரியாது. ஒரு சக்கரம் அரை டிகிரி விலகி நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 8.7 மீட்டர் தூரம் அது பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் 87 கிலோமீட்டர். கோவையிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டி வரை டயரைப் பக்கவாட்டிலேயே தேய்த்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வர்க்கிகூட வாங்கி வரவில்லை.

ஸ்டியரிங் நடுங்கி, உள்ளே ‘ஊ’ என்று ஒரு ஓசை கிளம்பிய பிறகுதான் அலைன்மென்ட் கடைக்கு வருகிறார். வந்தாலும் உடனே ஏற முடியாது. கடையின் ராம்ப்பில் முன்பம்பர் இடிக்கும். டிக்கியைத் திறந்து, இதற்கென்றே சுமந்து திரியும் இரண்டு மரப்பலகைகளை எடுத்துச் சரிவாகப் போடுவார். டிக்கியில் ஸ்டெப்னி இருந்த இடத்தில் இப்போது அந்தப் பலகைகள்தான்.

கடையில் இருக்கும் அண்ணாச்சிக்கு முப்பது வருட அனுபவம் இருக்கும். நான்கு சக்கரத்திலும் அளவெடுக்கும் பலகைகளை மாட்டி, வண்டியைக் கொஞ்சம் பின்னால் உருட்டி முன்னால் இழுத்ததும் திரையில் எண்கள் விழும். கம்பெனி அளவுக்குள் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. தாழ்வண்டியாரின் வண்டி ஏறினால் திரை முழுக்கச் சிவப்பு.

“டயர் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானுங்ணா. வாங்கி ஏழே மாசம்.”

“கைய உள்ளுக்கு வுட்டுத் தடவிப் பாருங் தம்பி.”

தடவுகிறார். ஒரு திசையில் வழுக்குகிறது, எதிர்த்திசையில் விரலைப் பிடிக்கிறது. இன்னும் உள்ளே போனால் ஏதோ குத்துகிறது.

“கம்பிங். வெளிய பட்டன் அப்படியே புதுசாட்ட இருக்குது, உள்ள மொட்டை.”

“கேம்பர் கொஞ்சம் கூடத்தான்ணா இருக்கும். அது லுக்குக்கு.”

“கேம்பருங்கிறது பேங்க் வட்டிங் தம்பி, மெதுவாத்தான் திங்கும். உங்களைத் தின்னது டோ. அது கந்துவட்டி. ஊட்டையே எழுதி வாங்கிரும்.”

அண்ணாச்சி டை ராடைத் திருகி முன்பக்கத்து டோவைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவார். கேம்பர் சிவப்பாகவே நிற்கும். இந்த வண்டிக்கு அதைத் திருத்தக் கம்பெனி வழி வைக்கவில்லை. மெலிந்த கேம்பர் போல்ட் போட்டால் கொஞ்சம் நிமிர்த்தலாம். பின்பக்கம் ஒரே துண்டு அச்சு. அங்கே திருகுவதற்கே ஒன்றுமில்லை. டயரை ரிம்மில் திருப்பிப் போட்டு, தேயாத பக்கத்தை உள்ளே தள்ளி ஆறு மாதம் ஓட்டலாமா என்று கேட்பார். அதற்கும் வழியில்லை. ஓரத்தில் கம்பி தெரிந்த டயரை எப்படிப் போட்டாலும் ஓட்டக்கூடாது. தவிர, அழகுக்காக அவர் வாங்கியிருப்பது இரு பக்கமும் வேறுவேறு பட்டன் போட்ட டயர், ‘அவுட்சைடு’ என்று எழுதிய பக்கம் வெளியேதான் இருந்தாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் பிரிண்ட் அவுட் வாங்குவார். அதைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். சிவப்பில் இருக்கும் மைனஸ் இரண்டு டிகிரியைப் பார்த்து அவர்கள் நெருப்புப் படம் போடுவார்கள்.

வீட்டில் வேறு கதை. அப்பத்தாவுக்கு மூட்டுவலி. பழனிக்குப் போய்விட்டு வந்து, “ஏறறதுக்குப் பதிலா எறங்கி உக்கார வேண்டியிருக்குது சாமி, எந்திரிக்க ரெண்டு பேரு வேணும்” என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். அப்பா இன்னும் நிறுத்தவில்லை. ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்து, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதை அவர் செய்தித்தாளில் படித்துக் கத்தரித்து வைத்திருக்கிறார். அது கேரளத்து வழக்கு. அந்த ஊர் மோட்டார் வாகனத் துறையின் கண்டிப்பு தாழ்வண்டியாருக்கு நன்றாகவே தெரியும். அதனால் நண்பன் கல்யாணம் பாலக்காட்டில் என்றால் வாளையாறு வரை காரில் போய், அங்கிருந்து பஸ்ஸில் போவார்.

அப்பா சட்டம் பேசினால் இவர் வரலாறு பேசுவார். கலிஃபோர்னியாவில் காரின் எந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே இருக்கக்கூடாது என்று 1958-ல் சட்டம் போட்டார்கள். ரான் அகிர்ரே என்ற இளைஞர் மறு வருடமே தன் கார்வெட்டில் ஹைட்ராலிக்ஸ் பொருத்தி, போலீஸைக் கண்டால் காரை உயர்த்தி, அவர்கள் போனதும் இறக்கினார். “பாத்தீங்களாப்பா?” என்பார். “அவனுக்குச் சுவிட்ச் இருந்துச்சு, உனக்கு என்ன இருக்குது? மரப்பலகைதான இருக்குது?” என்பார் அப்பா. இந்த வீட்டில் நகைச்சுவை யாரிடமிருந்து யாருக்கு வந்திருக்கவேண்டும் என்பது தெளிவு. வரவில்லை என்பதும் தெளிவு.

ஒரு நாள் பெண் பார்க்கும் பேச்சு வரும், அல்லது பெங்களூரில் வேலை கிடைக்கும். வண்டியை விற்பார். விளம்பரத்தில் ‘டயர் 80 சதவீதம்’ என்று இருக்கும். பொய்யில்லை, வெளிப்பக்கம் 80 சதவீதம்தான். வாங்க வரும் பையனோடு விவரம் தெரிந்த ஒரு மாமாவும் வருவார். அவர் தரையில் ஒரு துண்டை விரித்து மல்லாந்து படுத்து, அடியில் தலையை நுழைக்கப் பார்ப்பார். தலை நுழையாது. கையை மட்டும் டயரின் உள்பக்கம் விடுவார். விரலில் கம்பி குத்தும். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, விலையில் நான்கு டயர் காசையும் ஸ்பிரிங் காசையும் குறைப்பார். தாழ்வண்டியார் பேசாமல் ஒப்புக்கொள்வார்.

மாமா முன்பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது, பையன் தாழ்வண்டியாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகக் கேட்பான்:

“ண்ணா, இன்னும் ஒரு அரை இஞ்ச் எறங்குங்களா?”