குதிரை உதைக்கவில்லை, கணக்குதான் உதைத்தது

தமிழ்நாட்டில் தானாக ஓடும் வண்டிக்கு முதல் டெஸ்ட் டிரைவர் யார்? சந்தேகமே வேண்டாம், செஞ்சி ராஜா தேசிங்குதான். வண்டியின் பெயர் பாராசாரி. (நீலவேணி இல்லையா என்று புருவத்தை உயர்த்துகிறவர்களுக்கு: அது நண்பர் மகமத்கானின் குதிரை. இந்த ஆர்.சி. புக் குழப்பம் ரொம்ப நாளாக இருக்கிறது.)

தேசிங்கைப் பற்றிய கதைப்பாடலின்படி பாராசாரி டில்லி பாதுஷாவின் லாயத்தில் இருந்தது. ஏறியவனையெல்லாம் கீழே தள்ளியது. அதாவது, டிரைவரே வேண்டாம் என்று கொள்கை முடிவு எடுத்துவிட்ட வாகனம்! பாதுஷா என்ன செய்தார்? ராஜாக்களை வரவழைத்து 'ஏறு பார்ப்போம்' என்றார். விழுந்தவர்களுக்கு ஜெயில். இன்றைக்குக் கம்பெனிகள் இதைத்தான் பைலட் புராஜெக்ட் என்கின்றன, ஜெயில் மட்டும் கிடையாது.

விழுந்து உள்ளே போனவர்களில் தேசிங்கின் அப்பாவும் ஒருவராம். சின்னப் பையன் கிளம்பிப் போகிறான், ஏறுகிறான், குதிரை வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறது, பையன் அசையவில்லை. அப்பாவும் ரிலீஸ், குதிரையும் பரிசு. 1960-ல் எம்.ஜி.ஆர். இந்த வேடத்தில் நடித்த பிறகு, இதையெல்லாம் சந்தேகப்படும் துணிச்சல் யாருக்கு வரும்?

இனி சரித்திரத்துக்கு வருவோம். அது சொல்லும் அப்பாவின் பெயர் சொரூப் சிங், பண்டேலா ராஜபுத்திரர். 1700-வாக்கில் ஔரங்கசீப் அவரிடம் செஞ்சிக் கோட்டையை ஒப்படைத்தார். 1714-ல் அவர் கண்ணை மூடியபோது மகன் தேஜ் சிங்குக்கு விட்டுப்போனவை: மூன்று மலைக் கோட்டை ஒன்று, குதிரைப்படை கொஞ்சம், கப்பப் பாக்கி ஏராளம்.

அந்தப் பாக்கியைத்தான் கதைப்பாடல் வேகமாகத் தாண்டிப் போகும். நாம் தாண்டக் கூடாது. தானியங்கி கார் கம்பெனிகளின் கதை முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கியைக் கேட்டார். இருபத்து சொச்சம் வயது ராஜா மீசையை முறுக்கினார். போருக்குப் போகுமுன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போனாராம். பெருமாள் 'வேண்டாம்' என்றார். கேட்காமல் அடம்பிடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடைவரைக்குள் பள்ளிகொண்ட அந்தப் பெருமாளின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் காட்டி இன்றும் ஊரார் இதைச் சொல்கிறார்கள். கொலிஷன் வார்னிங் சிஸ்டம் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. ஓட்டுகிறவர் ஆஃப் செய்துவிட்டார்.

1714 அக்டோபரில் சண்டை. சில நூறு குதிரைகளோடு பெரும்படைக்குள் பாய்ந்த தேசிங்கு இறந்துபோனார். ஆட்சி ஒரு வருஷம்கூட நிரம்பவில்லை. அவர் வீரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆற்காட்டுச் சீமையிலேயே சிறந்த வாகனம் அவரிடம் இருந்தது. இல்லாதது அதற்குக் கட்டுப்படியாகும் கணக்கு!

இப்போது கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம். 2004-ல் அந்த நாட்டு ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்குப் பந்தயம் வைத்தது. தூரம் சுமார் 240 கிலோமீட்டர், பரிசு 10 லட்சம் டாலர். அதிக தூரம் ஓடிய வண்டி 12 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. மேட்டில் சிக்கி, சக்கரம் சுழன்று, டயரில் தீ. திண்டிவனத்தில் கிளம்பியிருந்தால் செஞ்சிக்குப் பாதி வழிகூட வந்திருக்காது. அதுவும் எதிரே ஓர் ஆடுகூட வராத பாலைவனத்தில்!

மறு வருஷமே ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி என்ற கார் அந்த வருஷத்துப் பாதையை முழுக்க ஓடி ஜெயித்தது. அவ்வளவுதான், எல்லோருக்கும் டில்லிக் குதிரை ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு தடவை தாவிவிட்டால் மறுநாளே டெய்லி சர்வீஸ் விட்டுவிடலாம் என்ற நினைப்பு! அடுத்த வருஷம் 10 லட்சம் ரோபோ டாக்சி ஓடும் என்று 2019-ல் சொன்னார் ஈலான் மஸ்க். அடுத்த வருஷம் வந்தது, போனது. டாக்சிதான் வரவில்லை.

மஸ்க்கை ரொம்பக் கிண்டல் செய்ய வேண்டாம். செஞ்சிக்கு இது பழக்கம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் இந்தக் கோட்டையை வளைத்தார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல். இடையில் ஏழெட்டு வருஷம் பாதுஷாவுக்கு என்ன ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் உள்ளே நுழைந்தால், பிடிக்க வேண்டிய ராஜாராம் முன்பே கிளம்பிப் போயிருந்தார்.

ஜெனரல் மோட்டார்ஸும் இப்படித்தான். குரூஸ் என்ற ரோபோ டாக்சிக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொட்டியது. 2023-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண்ணை ஒரு குரூஸ் கார் இழுத்துச் சென்றது, லைசென்ஸ் போனது. 2024 டிசம்பரில் கடையைச் சாத்திவிட்டார்கள். இதில் நான் வாய்பிளந்த விஷயம் வேறு. டிரைவர் இல்லாத அந்த வண்டிகளுக்குப் பின்னாலிருந்து உதவ, ஒரு வண்டிக்கு ஒன்றரை ஆள் வீதம் வேலை பார்த்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஒரு டிரைவரை எடுத்துவிட்டு ஒன்றரைப் பேர்!

தேசிங்குக்கு இது புரிந்திருக்கும். குதிரை தானாக ஓடும், சரி. கொள்ளு ஊறவைக்க ஒருவன், புல் அறுக்க ஒருவன், லாடம் அடிக்க ஒருவன் யார் வீட்டுச் சம்பளத்தில் வருவான்?

கூகுள் வீட்டுப் பிள்ளை வேமோ மட்டும் நிதானமாக ஓடுகிறது. 2025 ஏப்ரலில் வாரத்துக்கு இரண்டரை லட்சம் கட்டணச் சவாரி. 2009-ல் ஆரம்பித்த வேலை, அப்பா வீட்டுப் பணம், அளந்து வைத்த சில ஊர்கள். சொரூப் சிங்குக்கு இப்படி ஒரு அப்பா அமைந்திருந்தால் நவாபுக்குப் பாக்கியே வந்திருக்காது.

இந்த வண்டியைத் திண்டிவனம்–திருவண்ணாமலை ரோட்டில் விட்டால்? தீவனூர் தாண்டினால் பாதி ரோட்டில் நெல் காயும். நெல்லைச் சுற்றிக் கருங்கல் வரிசை. எதிரே வரும் பஸ் இரண்டு முறை லைட் அடித்தால், 'நீ வா' என்று அர்த்தமில்லை, 'நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்' என்று அர்த்தம். லாரி டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு விரலை ஆட்டினால் ஓவர்டேக் செய்யலாம். அதே கை வெற்றிலைச் சாறு துப்பவும் வெளியே வரும். ஆலம்பூண்டிப் பக்கம் ஓர் ஆடு கடந்தால், பின்னால் இன்னும் இருபது உண்டு என்பது எந்தப் பஸ் டிரைவருக்கும் தெரியும். சென்சாருக்கு முதல் ஆடு தெரியும். இருபதாவது ஆடு வந்த பிறகுதான் தெரியும். பௌர்ணமி ராத்திரியானால் கிரிவலக் கூட்டத்தைப் பார்த்ததும் கார் கையெடுத்துக் கும்பிட்டு நின்றுவிடும்.

அதையும் கற்றுக்கொடுத்துவிடலாம் என்றே வையுங்கள். பணம்? அமெரிக்காவில் டிரைவர் சம்பளம் மிச்சமானால் லாபம். இங்கே ஆக்டிங் டிரைவர் ஒரு நாள் பேட்டாவும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு, திருவண்ணாமலை போய் வந்து, வழியில் பஞ்சரும் ஒட்டிக் கொடுப்பார். அவரை எடுத்துவிட்டு லட்சக்கணக்கில் லைடார் என்ற லேசர் கருவியும் கேமராவும் மாட்டுகிறவருக்கு, நவாபின் ஆள் ஓலையோடு வருவது நிச்சயம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, டிரைவர்கள் வேலை போய்விடும், இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று 2017-லிருந்து சொல்லி வருகிறார். அவர் தடுக்காவிட்டாலும் பேட்டா தடுக்கும்.

அதற்காக வராமலே போகாது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஓட்டுநர் இல்லாத ரயில் பூந்தமல்லிப் பக்கம் 2025-ல் சோதனை ஓட்டம் கண்டது. தண்டவாளத்தில் யாரும் நெல் காயப்போடுவதில்லை. துறைமுகம், சுரங்கம் போன்ற வேலி போட்ட இடங்களில் அடுத்து வரும். நம் கார்களில் தானாக பிரேக் பிடிக்கும் வசதி ஏற்கெனவே வந்தாயிற்று. ரங்கநாதர் மாதிரி அதுவும் எச்சரிக்கும், ஆஃப் செய்ய ஒரு பட்டனும் இருக்கிறது.

தேசிங்கின் ராணி நினைவாக நவாப் எழுப்பியது ராணிப்பேட்டை என்பார்கள். அந்த மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் 2024-ல் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அந்தத் திட்டத்தில் உண்டு. அதில் ஒன்றை வாங்கி, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு செஞ்சிக்கு வரலாம் என்று யாராவது திட்டம் போட்டால் தயவுசெய்து வேண்டாம். திண்டிவனத்திலிருந்து பஸ் இருக்கிறது. ஓட்ட ஒருவர், விசில் அடிக்க ஒருவர். அந்த டிக்கெட்டில் இரண்டு பேருக்கும் சம்பளம் போகிறது.