பக்கத்தகடு

கோலார் தங்கவயலில் நின்றுகொண்டு "மண் தள்ள ஒரு பிளேடு வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொல்வது, திருநெல்வேலிக்குப் போய் "அல்வா கிண்டிப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்று சொல்வதற்குச் சமம். ஊரில் பாதிப் பேருடைய அப்பா, கல்லையும் மண்ணையும் பூமிக்கு அடியிலிருந்து மேலே கொண்டுவந்தவர். மீதிப் பேருடைய மாமா, மண் தள்ளும் இயந்திரத்தை பெமல் தொழிற்சாலையில் செய்தவர். யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. சும்மா இருப்பதற்குத்தான் ஆளில்லை.

என் தேவை சின்னது. பேத்தமங்கலம் பக்கம் இரண்டரை ஏக்கர் செம்மண். ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கும், மறு மூலையில் தக்காளி தாகத்தில் சாகும். கைமாறி வந்த மினி டிராக்டர் ஒன்று, இருபது குதிரைச்சக்தி. அதன் பின்னால் மாட்டி நிலத்தைச் சமன்செய்ய ஏதாவது வேண்டும்.

"ஆறடி பிளேடு போடு மாப்ளே" என்றார் மாமா. பெமலில் புல்டோசர் பூட்டிப் பூட்டி ரிட்டையர் ஆனவர். நூறு குதிரைக்குக் கீழே இருக்கும் எதையும் வண்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். என் டிராக்டரைப் பார்த்தபோது, "இது யாரோடது, பசங்களோடதா?" என்று கேட்டவர்.

ஆண்டர்சன்பேட்டை பட்டறையில் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. "சும்மா தகடாண்ணா, இல்ல பெட்டியா?"

சும்மா தகடு என்றால் பின்னால் ஒரு வளைந்த இரும்புப் பலகை, அவ்வளவுதான். மண்ணைச் சுரண்டும், சுரண்டிய மண் இரண்டு ஓரத்திலும் வழிந்து ஓடிவிடும். சாய்த்து வைத்துக்கொண்டால் வாய்க்கால் எடுக்கலாம், பாதையோரம் ஒதுக்கலாம். பெட்டி பிளேடு என்றால் அதே பலகைக்கு இரு பக்கமும் தகடு அடைத்திருக்கும். மேட்டில் சுரண்டிய மண் எங்கேயும் ஓட முடியாமல் பள்ளம் வரைக்கும் கூடவே வரும். அங்கே தூக்கினால் கொட்டும். வித்தியாசம் அந்தப் பக்கத்தகடுதான்.

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது தோன்றியது: தங்கவயலின் சரித்திரம் முழுவதுமே யாரிடம் பக்கத்தகடு இருந்தது, யாரிடம் இல்லை என்பதுதான். பாடப்புத்தகம் எழுதியவர்களிடம் டிராக்டர் இல்லாததால் அவர்களுக்கு இது பிடிபடவில்லை.

1802-இல் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட் வந்தார். திப்பு போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மைசூரின் கிழக்கு எல்லை எங்கே என்று அளக்க அனுப்பினார்கள். சங்கிலி பிடிக்க வந்தவர் காதில் தங்கப் பேச்சு விழுந்தது. விவரம் சொல்பவர்களுக்கு வெகுமதி என்றார். கிராமத்துக்காரர்கள் மாட்டுவண்டியில் மண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெண்கள் அவர் கண்ணெதிரே அதைக் கழுவிக் காட்டினார்கள். கடைசியில் மின்னியது. 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின் தங்கம் என்று கணக்குப் போட்டார். ஒரு கிரெயின் என்றால் குன்றிமணி எடையில் பாதி. அதைத் தாலியில் கோத்தால் தாலிக்கே தெரியாது.

தங்கவயலின் மாரிகுப்பத்தில் நம்மவர்கள் ஏற்கெனவே முப்பது, நாற்பத்தைந்து அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, கல்லைக் கூடையில் வைத்துக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கினார்கள். கூடையைக் கவனியுங்கள். நாலு பக்கமும் தகடு. டிராக்டர் மட்டும்தான் குறை.

வாரன் இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் சென்னை வானாய்வகத்துக்குத் தலைவரானார். நம் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 'கால சங்கலித' என்று ஒரு தடிப்புத்தகம் போட்டார். காலடியில் தங்கம் இருந்தும் ராகுகாலம் பார்க்கப் போன ஒரே வெள்ளைக்காரர் இவராகத்தான் இருப்பார்.

அடுத்தவர் மைக்கேல் லவெல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்தில் மாவோரிகளோடு சண்டை போட்டு முடித்துவிட்டு பெங்களூர் கன்டோன்மென்டில் ஓய்வெடுக்க வந்த சிப்பாய். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாரனின் பழைய அறிக்கை கையில் சிக்கியது. 1871-இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டர் ஆட்டம் கண்டபடி கோலாருக்கு வந்தார். 1873-இல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார். அரசாங்கம், "தங்கமெல்லாம் கிடைக்காதய்யா, நிலக்கரி வேண்டுமானால் தேடிக்கொள்" என்ற தோரணையில் பதில் சொன்னது. ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டால் கோதுமை தருவது அப்போதே இருந்திருக்கிறது. லவெல் விடவில்லை. கிடைத்தால் உங்களுக்கு லாபம், கிடைக்காவிட்டால் உங்களுக்கு ஒரு செலவும் இல்லை என்று வாதாடி, 1875 பிப்ரவரியில் இருபது வருஷக் குத்தகை வாங்கினார்.

வாங்கிய பிறகுதான் பை காலி என்பது தெரிந்தது. குழி தோண்டப் பணம் வேண்டும். கடைசியில் உரிமையை மதராஸ் ராணுவத்துப் பெரிய மனிதர்கள் சிலரிடம் கைமாற்றிவிட்டார். மண்ணைச் சுரண்டியவர் அவர். அது வழிந்து போய்ச் சேர்ந்தது வேறு ஆட்களிடம். பக்கத்தகடு இல்லாத பிளேடு. பெங்களூரில் லவெல் ரோடு என்று ஒரு தெரு மட்டும் நின்றது. இன்று அந்தத் தெருவில் ஒரு காபி குடிக்கும் காசுக்கு என் டிராக்டருக்கு டீசல் போடலாம்.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. லண்டன் கம்பெனி. அவர்களும் முதலில் கையைச் சுட்டுக்கொண்டார்கள். சில வருஷத்தில் பங்குதாரர்கள் மூட்டை கட்டத் தயார். மிச்சமிருந்த பணத்தில் பிளம்மர் என்ற கேப்டன் ஒரு கடைசி முயற்சி செய்தார். எங்கே தோண்டினார்? நம்மவர்கள் பழங்காலத்தில் தோண்டிவிட்டு விட்ட குழிகளுக்கு அடியில். அங்கே கிடைத்ததுதான் சாம்பியன் ரீஃப். இதற்குக் கண்டுபிடிப்பு என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரன் குழம்பில் கரண்டி விட்டு, உள்ளே கத்தரிக்காய் இருக்கிறது என்று சொல்வதும் கண்டுபிடிப்புதான்.

பக்கத்தகட்டை ஒழுங்காக அடைத்தது டெய்லர்தான். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் சனங்கள் கீழே இறங்கினார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் தலை முதல் கால் வரை தடவிச் சோதனை. அதுவும் போதாதென்று 1930-இல் எல்லாருடைய கைரேகையையும் எடுக்கிறோம் என்று கிளம்பினார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்து வரை தங்கத்தை ஒரு துளி சிந்தாமல் கொண்டுபோகத் தெரிந்த கம்பெனிக்கு, மனிதனைத் தகட்டுக்குள் அடைத்தால் அவன் முட்டுவான் என்று தெரியவில்லை.

வசதிக்கெல்லாம் குறைவில்லை. திவான் சேஷாத்ரி ஐயர் போட்ட திட்டப்படி 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் காவிரி மின்சாரம் இங்கே வந்தது. பெங்களூர் தெருவிளக்குக்கு 1905 வரைக்கும் காத்திருந்தது. அந்த ஊருக்கு முன்னால் எங்களுக்கு வந்தது என்பதை நாங்கள் இன்றும் பெருமையாகச் சொல்வோம். இப்போது கரண்ட் போனால் மட்டும் சொல்வதில்லை.

தங்கத்துக்குப் பக்கத்தகடு போட்டவர்கள் மண்ணுக்குப் போடவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போய், கல்லைப் பொடியாக்கி, சயனைடில் கழுவி, ஏறத்தாழ 800 டன் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஊர் நடுவில் கொட்டினார்கள். மூன்று கோடி டன்னுக்கு மேல். நாங்கள் சயனைடு மலை என்போம். சினிமாக்காரர்கள் பாலைவனம் என்பார்கள். ஆடிக் காற்றில் அது எங்கள் வீட்டுச் சோற்றிலும் வந்து விழும். சுதந்திரம் வந்து, சுரங்கம் அரசாங்கக் கைக்கு மாறி, 2001 பிப்ரவரி 28-இல் இழுத்து மூடினார்கள். மலை மட்டும் ரிட்டையர் ஆகவில்லை.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை, உலகத்திலேயே அதிகமாக மண் தள்ள வேண்டியிருந்த இந்த ஊரில்தான் மண் தள்ளும் இயந்திரத்தையும் செய்தார்கள். 1964-இல் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம், அதாவது மாமாவின் பெமல், பிறந்தது. ஜப்பானின் கோமாட்சு கைகொடுக்க, தங்கவயலில் புல்டோசர் தயாரானது. செய்த வண்டியெல்லாம் நாடு முழுக்கப் போய் அணை கட்டியது, ரோடு போட்டது, நிலக்கரி தோண்டியது. எங்கள் மலை அப்படியே நின்று டாட்டா காட்டியது. (புல்டோசர் என்பது முதலில் இயந்திரத்தின் பெயரே இல்லை. 1876 தேர்தல் சமயத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின வாக்காளர்களை அடித்து மிரட்டிய கும்பல்களைக் குறித்த சொல். நம் நாட்டில் இன்று பெயர்ப்பொருத்தம் பார்த்தால் பத்துக்குப் பத்து.)

இனி இன்னொரு அயர்லாந்துக்காரர். இவர் இல்லாவிட்டால் என் டிராக்டருக்குப் பின்னால் எதையும் மாட்ட முடியாது. ஹாரி ஃபெர்குசன். 1909-இல் சொந்தமாக விமானம் செய்து பறந்தவர். பிறகு தரையில் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று டிராக்டருக்கு வந்தார். அக்காலத்தில் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுத்துப் போவார்கள். கொழு பாறையில் மாட்டினால் டிராக்டரின் மூக்கு மேலே கிளம்பும். அப்படியே மல்லாந்து ஓட்டுபவர் மேலேயே விழும். ஃபெர்குசன் கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று புள்ளியில் கருவியைப் பிடித்துக் கட்டினார். பாரம் பின் சக்கரத்தை அழுத்தும், மூக்கு கிளம்பாது. இன்று என் மினி டிராக்டர் வரைக்கும் அதே மூன்று புள்ளிதான்.

மூன்று புள்ளியில் அவ்வளவு இறுக்கமாகக் கட்டியவர், வியாபாரத்தை 1938-இல் ஹென்றி ஃபோர்டோடு வெறும் கைகுலுக்கலில் கட்டினார். காகிதமே கிடையாது. பேரன் பொறுப்புக்கு வந்ததும் எந்தக் கை, எப்போது குலுக்கியது என்ற நிலைமை. வழக்கு நாலு வருஷம் நடந்து 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமாதானம். பட்டது போதாதா? அடுத்த வருஷம் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு சேரும்போது பத்து லட்சம் டாலர் இழுபறியை நாணயம் சுண்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். தோற்றார். இந்த இணைப்பில் பிறந்த மாஸி ஃபெர்குசன் பெயரோடுதான் 1960-களில் சென்னையில் டாஃபே டிராக்டர் ஓட ஆரம்பித்தது.

ஆக, லவெல், ஃபெர்குசன் இருவரின் தவற்றையும் செய்யாமல் பட்டறைக்குப் போனேன். பெட்டி பிளேடுதான் என்று சொல்லி, காகிதத்தில் எழுதி வாங்கினேன்.

அகலம் நாலு அடி. மாமாவின் ஆறடியை என் இருபது குதிரை இழுக்காது. பெட்டி நிறைந்ததும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். நாலடிக்குக் குறைந்தாலும் ஆகாது, பின் டயர் பதிவதை பிளேடு மூடி அழிக்க வேண்டும். எடை முக்கியம்: லேசாக இருந்தால் காய்ந்த செம்மண்மேல் வழுக்கிக்கொண்டு போகும், ரொம்பக் கனத்தால் தூக்கும்போது முன்சக்கரம் அந்தரத்தில் ஆடும். முன்னால் நாலு பல், ஓட்டையில் பின் போட்டு ஏற்றி இறக்குகிற மாதிரி. இறுகிய மேட்டைப் பல் கீறும், பின்னால் வரும் தகடு அள்ளும். வெட்டும் பட்டையை வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டுப் பொருத்தச் சொன்னேன். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பி மாட்டலாம். ஓட்டும்போது டாப் லிங்கைக் குறுக்கினால் பல் ஆழமாக இறங்கும், நீட்டினால் பின் தகடு நீவிவிடும். பாட்டன் பரம்பு அடித்தபோது பலகைமேல் பேரனை நிற்கவைத்துச் செய்த வேலையை இப்போது ஒரு திருகு செய்கிறது.

ஒரு நல்ல மழைக்குப் பிறகு மண் பதமாக இருந்தபோது இறக்கினோம். முதல் சுற்றில் பெட்டி சரியாக நிறையவில்லை. "வெயிட் பத்தல மாப்ளே, நான் ஏறி நிக்கறேன்" என்றார் மாமா. வேண்டாம் என்று தடுத்து, இரண்டு கல்லைத் தூக்கி வைத்துக் கம்பி போட்டுக் கட்டினோம். இரண்டாவது சுற்றில் மேட்டு மண் முழுசாகப் பள்ளத்துக்கு வந்து இறங்கியது. மாமா எதுவும் பேசவில்லை. நாலு அடியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது சுற்றில் ஒரு பல்லில் ஏதோ மாட்டியது. இறங்கிப் பார்த்தால், முழங்கை நீளத்துக்கு வெள்ளைக் கல். உடைந்த முகத்தில் வெயில் பட்டு எங்கேயோ லேசாக மின்னியது.

"வெறும் கல்லு மாப்ளே" என்றார் மாமா. சொல்லிவிட்டு வரப்பின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து அதைச் சுற்ற ஆரம்பித்தார்.