மனசைப் படித்த குதிரை

மனசைப் படிக்கலாம் என்று ஆசைப்பட்டு உளவியலில் சேர்ந்தேன். ஆய்வு முறையியல் என்று ஒரு பேப்பரை வைத்துப் பாடாய்ப் படுத்துகிறார்களே, நியாயமா?

மனசைப் படிப்பதில் ஒரு குதிரையே உங்களை முந்திவிட்டதே! 1904-ல் பெர்லின் முழுக்க ஹான்ஸ் என்ற குதிரையைப் பற்றித்தான் பேச்சு. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர், கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்வியை மாற்றினார். குதிரை ஃபெயில்! சரியான எண்ணில் கேட்பவரின் தலை இம்மியளவு அசையும்; அதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியது. அசைந்தவருக்கே அது தெரியாது. ஃபுங்ஸ்ட் செய்ததுதான் உங்கள் பேப்பரில் இருக்கும் பாடம்.

பெரிய பேராசிரியர்கள் செய்துமுடித்த ஆய்வுகள் ஏராளம். மாணவன் நான் புதிதாக என்ன செய்ய?

புதிதாக எதற்கு? பழையதையே திரும்பச் செய்யுங்கள். அப்படி 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் முறை 97 ஆய்வுகளில் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு. மறுமுறை நூற்றுக்கு 36-ல்தான். செமஸ்டர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைத்ததா? முடிவைப் பார்த்த பிறகு மாற்றத் தோன்றாதபடி, கருதுகோளை மட்டும் தரவு சேகரிக்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள்.