தேய்க்காதடி, தடவு

வாடி அன்னம், திண்ணையில உக்காரு. மார்கழி மாசத்துல விசிறி கேக்குறவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான். உம் புண்ணியத்துல இந்தப் பெரியாத்தாளுக்கும் கொஞ்சம் காத்து.

இந்த வேக்காட்டுக்கு டாக்டரம்மா குடுத்த ஹார்மோன் ஜெல்லு கேக்கவே இல்லைன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறியாமே? மருந்து கேக்கணும்னா முதல்ல நீ சொன்னபடி கேக்கணும்ல. உம் மருமக எல்லாத்தையும் சொல்லிப்புட்டா. உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசிக்கிட்டு, அந்த வழவழப்பு மேலயே ஜெல்லையும் போட்டு, பத்தலையோன்னு மல்லுக்கட்டித் தேய்க்கிறியாம். அதென்ன முழங்கால் தைலமா?

எம் பேத்தி மருந்துக்கடையில இருக்கா. டப்பாவுக்குள்ள மடிச்சு வச்ச சீட்டை வாசிச்சுக் காட்டுனா. ஒரு அமுக்குக்கு வர்றது 1.25 கிராம், அதுல எஸ்ட்ரடயால் மருந்து 0.75 மில்லிகிராம்தான். மிச்சம் பெரும்பாலும் தண்ணியும் ஆல்கஹாலும். (இதை மாப்பிள்ள காதுல போட்டுராத, நக்கிப் பாத்தாலும் பாப்பாரு.) அந்த ஆல்கஹால் மருந்தைத் தோலுக்குள்ள விட்டுப்புட்டு அஞ்சு நிமிசத்துல ஆவியாப் போயிரும். மருந்து தோலோட மேலடுக்குலயே தங்கி, நாள் முழுக்கக் கொஞ்சங் கொஞ்சமா ரத்தத்துல இறங்கும். நம்ம கரிசமண்ணு மழை ஈரத்தைப் பிடிச்சு வச்சுக் குடுக்கும் பாரு, அப்படி. நீ கை வலிக்கத் தேய்ச்சு அதை விரட்ட வேண்டியதில்ல. மாத்திரையாட்டம் வயித்து வழியா முதல்ல ஈரலுக்குப் போகாததால, ரத்தம் உறையுற பயமும் இதுல கம்மியாம்.

குளிச்சு, ஈரம் போகத் துடைச்சு, புண்ணு கிண்ணு இல்லாத கையில மணிக்கட்டுலேர்ந்து தோள்வரைக்கும் மெல்லிசாத் தடவு. ஒரே இடத்துல அப்பாத. காயுற வரைக்கும் ரவிக்கையை மாட்டாம சும்மா உக்காரு. உனக்கு அதுதான் கஷ்டம், தெரியும். ஒரு மணி நேரத்துக்குத் தண்ணியும் வேணாம், எண்ணெயும் வேணாம். வெள்ளிக்கிழமைன்னா எண்ணெய்க் குளியலை முடிச்சு, சீயக்காய் போட்டு வழவழப்பை எடுத்த பெறகுதான் ஜெல். மார்லயும் மூஞ்சியிலயும் போடவே கூடாது. கன்னம் மினுங்கும்னு போட்டியோ? சிரிக்கிறதைப் பாத்தா போட்டிருக்க.

காயுமுன்னாடி அடுப்பு பத்தவைக்காத, விளக்கும் ஏத்தாத. ஆல்கஹால் குப்புன்னு பிடிக்கும். சாமி அஞ்சு நிமிசம் பொறுத்துக்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவு. பேரனைத் தூக்குறதுக்கு முந்தி தடவுன இடம் காஞ்சு துணியால மூடியிருக்கணும். பச்சப்புள்ள மேல தினம் ஒட்டுனா அதுக்கு மார் வீங்கிரும். மாப்பிள்ளையும் தோள்வலிக்குன்னு இதை எடுத்துத் தேய்ச்சுக்கிட்டாருன்னு வையி, பொங்கலுக்கு ரவிக்கைத் துணி சேத்து எடுக்கணும்.

ஒரு நாள் மறந்தா மறுநாள் ரெட்டிப்பாப் போட்டுத் தொலையாத. கர்ப்பப்பை இருக்கிறவ நீ, கூடக் குடுத்த புரோஜெஸ்டிரோன் மாத்திரையையும் விட்டுராத; ஜெல்லை மட்டும் போட்டா கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சு வேற வினையைக் கொண்டாந்துரும். நடுவுல ரத்தம் கிரத்தம் பட்டா வெக்கப்படாம டாக்டரம்மாகிட்ட ஓடு.

மூணு மாசம் பொறு. அப்பவும் வேர்த்தா அவங்களையே கேளு. அளவைக் கூட்டுறதும் குறைக்கிறதும் அவங்க வேலை. அதையும் உங் கையில குடுத்தா டப்பா ஒரு வாரம் தாங்காது.