வழிய வழிய அன்று, மூணு சொட்டு இன்று

எங்கள் ஊரில் அப்போது எண்ணெய்க்கு அளவு கிடையாது, கிழமை மட்டும்தான் உண்டு. செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு. புதன், சனி ஆண்களுக்கு. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் மிளகைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, உச்சந்தலையில் அப்பத்தா வைக்கும் கை உள்ளங்காலில்தான் போய் நிற்கும். எண்ணெய் தேய்த்த பையன் ஓடினால் பிடி கிடைக்காது என்பதால் முதலில் கொல்லைக் கதவைச் சாத்துவார், அப்புறம்தான் கிண்ணத்தைத் தொடுவார். இளமை, பொலிவு என்ற பேச்சே வராது. “சூடு தணியும்டா” என்பதோடு விளக்கம் முடிந்தது. மிச்சத்தைச் சீயக்காய் கண்ணுக்குள் புகுந்து விளக்கும்.

சருமத்துக்கென்று வீட்டில் தனிக் கணக்கும் இல்லை. நெய் பரிமாறிய கையை அப்பத்தா முழங்கையில் துடைத்துக்கொள்வார். வெடித்த குதிகாலுக்கு விளக்கெண்ணெய், மார்கழி உதட்டுக்கு வெண்ணெய். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். பனிக்காலக் காலையில் அதை ஈர்க்குச்சியால் குத்தி எடுப்பது எங்கள் வேலை.

இப்போது சென்னையில் என் மகளின் அலமாரியில் 30 மில்லி குப்பி ஒன்று நிற்கிறது. மூடியிலேயே சொட்டுக்குழாய். முகர்ந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை.

“நல்லெண்ணெய்தானேம்மா?”

“எண்ணெய் இல்லப்பா, ஃபேஸ் ஆயில். ராத்திரி மூணு சொட்டு. வழிய வழியத் தேய்ச்சிடாதீங்க.”

பக்கத்தில், செப்புப் பாத்திரத்தில் நூறு முறை தண்ணீர் விட்டுக் கழுவிய நெய், கிரீம் என்ற பெயரில். படுக்கும்முன் முகம் முழுக்க வாசலின் அப்பிக்கொள்வதற்கு ‘ஸ்லக்கிங்’ என்று பெயர். அமெரிக்காவில் மாட்டுக் கொழுப்பையே உருக்கி வடித்துச் சிமிழில் அடைத்து, சுருக்கம் போகும் என்று விற்கிறார்கள். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்றார்கள் பெரியவர்கள். இன்று வாணியனே வைத்தியன் கட்டணம் வாங்குகிறான்.

எண்ணெயைக் குறை சொல்ல முடியாது. தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் பூசப்பட்டிருக்கின்றன. வயதாக ஆக அந்தப் பூச்சு மெலியும், ஈரம் வெளியேறும், தோல் வறண்டு மெல்லிய கோடுகள் விழும். மேலே தடவும் எண்ணெய் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, கோடுகள் மங்குகின்றன. நல்லெண்ணெயில் உள்ள லினோலிக் அமிலம் தோலுக்கு வேண்டிய சரக்குதான். இதுவரை குப்பிமேல் எழுதியது நியாயம்.

ஆனால் அதே குப்பி ‘வெயிலிலிருந்து காப்பு’ என்றும் சொல்கிறது. அதற்கு எதிர்சாட்சி அப்பத்தாவின் உடம்பு. ஒரே எண்ணெய், ஒரே கை, ஒரே கிழமை. ஆனால் முகமும் கழுத்தும் முன்கையும் சுருங்கிக் கிடந்தன. சேலைக்குள் இருந்த முதுகும் தோளும் கடைசிவரை வழவழவென்று இருந்தன. எண்ணெய் எல்லா இடத்துக்கும் போயிற்று, வெயில் சில இடங்களுக்குத்தான் போயிற்று. 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படத்தை வெளியிட்டது. 28 ஆண்டுகள் ஜன்னலோரம் இருந்த இடது கன்னம் மட்டும் கிழடு தட்டியிருந்தது. கண்ணாடியைத் தாண்டி வரும் புற ஊதா-ஏ கதிர்கள் தோலின் கொலாஜனைச் சிதைப்பதன் விளைவு அது. நம் ஊர் லாரிகளில் இந்தக் கணக்கு வலது கன்னத்துக்கு. எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் புற ஊதா-பி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. எந்தச் சமையல் எண்ணெயும் அதன் அருகில் வராது.

வெயிலை அப்பத்தா எண்ணெயிடம் ஒப்படைக்கவும் இல்லை. பொழுது ஏறுமுன் களை எடுப்பு முடியும். உச்சிப்பொழுதில் கஞ்சியும் தூக்கமும் சாலையோரப் புங்கமர நிழலில். வெளியே கிளம்பினால் தலைக்கு முக்காடு. அப்படியும் அகப்பட்ட இடத்தில் வெயில் தன் வேலையைக் காட்டியது. முக்காட்டை நாட்டுப்புறம் என்று கழற்றியாயிற்று, கிண்ணத்தை மட்டும் பாரம்பரியம் என்று எடுத்துக்கொண்டோம்.

முக்காடும் திரும்பி வந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. மகள் ஸ்கூட்டருக்காகத் தலைமூடி வைத்த சட்டை வாங்கியிருக்கிறாள். அதில் யு.பி.எஃப். 50 என்று எண் போட்டிருக்கிறது. புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே விடாதாம். விலையைக் கேட்டதும் எனக்குத்தான் சூடு ஏறியது.

சாலையோரப் புங்கமரங்களுக்கும் போன வருடம் வரிசையாக எண் போட்டார்கள், வெள்ளைப் பெயின்டில். அது வெட்டுவதற்கு.