பூரி உப்பிடுச்சு

ஸ்டுட்கார்ட், ஞாயித்துக்கிழமை ராத்திரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

செந்துறையில முந்திரி பூத்திருக்கான்னு கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். அதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான சேதி: இன்னைக்கு என் பூரி உப்பிடுச்சு.

சிரிக்காதீங்க. நாலு வாரப் போராட்டம் இது. இந்த ஊர்ல மாவுக்கு டவுன் பஸ் மாதிரி நம்பர் போட்டிருக்கான்: 405, 550, 1050. 100 கிராம் மாவை எரிச்சா எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சுதோ, அதுதான் நம்பராம். அஸ்தியை எடை போட்டு மாவு விக்கிற ஊரை எங்கயாவது பார்த்திருக்கீங்களா? வெள்ளையா இருக்கேன்னு 405-ஐ வாங்கிட்டு வந்தேன். அது நம்ம மைதாவுக்குப் பங்காளி. அப்பளமும் இல்லாம பரோட்டாவும் இல்லாம என்னமோ ஒண்ணு வந்துச்சு.

ரெண்டாவது வாரம் ஈழத்து அண்ணன் ஒருத்தர் கடைக்குப் போனேன். "மா இருக்கு தம்பி"ன்னார். "மாம்பழம் வேணாண்ணே, பூரிக்குத்தான்"னேன். அவங்க மாவை 'மா'ன்னுதான் சொல்வாங்களாம்! ஆட்டா கிடைச்சுது. ஆனா கூரையில புகையைக் கண்டா அலறுற மெஷின் ஒண்ணு இருக்கே, அதுக்குப் பயந்து அடுப்பைக் குறைச்சே வெச்சேன். ஏரியில எருமை படுத்த மாதிரி பூரி எண்ணெயிலயே கிடந்து, குடிக்கிற மட்டும் குடிச்சுது. மூணாவது வாரம் மாவைச் சப்பாத்திக்குப் பிசையிற மாதிரி தளர்த்திட்டேன். அந்தக் கதை வேணாம்.

இன்னைக்குத்தான் உங்க கடையில பார்த்ததையெல்லாம் நினைவுபடுத்திக்கிட்டேன். ஒரு ஸ்பூன் ரவை, கெட்டிப் பிசைவு, ஊற விடாம உடனே தேய்க்கிறது. துளி மாவைக் கிள்ளிப் போட்டதும் சட்டுனு மேல வந்துச்சு. பூரியைப் போட்டு ஜல்லிக்கரண்டியால லேசா அமுக்கினேன். மாவுல இருக்கிற தண்ணி ஆவியானா 1,700 மடங்கு விரியுமாம்; மேல் தோல் அதுக்குள்ள இறுகிட்டா ஆவி வெளிய போக வழியில்லாம தூக்கிவிடுது. நீங்க இதையெல்லாம் படிக்காமலே 30 வருஷமா பண்றீங்க.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு ரெண்டு கொடுத்தேன். கத்தியும் முள்கரண்டியுமா வந்து ஒரே குத்து! புஸ்ஸுனு அடங்கிடுச்சு. "உள்ள என்ன வெச்சிருந்தே?"ன்னாங்க. "காத்து"ன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. ஆனா கிழங்கை ரெண்டு தரம் கேட்டு வாங்கினாங்க. இங்க உருளைக்கிழங்குலயே குழையாதது, நடுத்தரம், மாவாக் குழையிறதுன்னு மூணு ரகம் எழுதி விக்கிறான். மசாலுக்கு மூணாவதுதான்.

ஆபீஸ்ல ஒருத்தன் பூரி விஷம்னு பயமுறுத்துறான். கணக்குப் போட்டேன்: 20 கிராம் மாவுக்கு 70 கலோரி, குடிக்கிற எண்ணெய் 4 கிராம்னா இன்னொரு 36. மூணு பூரி 300 சொச்சம். வாரம் ஒருநாள் தின்னா ஒண்ணும் ஆகாது. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய்தான் கெடுதல். உங்க கடை எண்ணெயைப் பத்தி நான் ஒண்ணும் எழுதல.

அடுத்த மாசம் நம்ம பக்கத்து ஆள் யாராவது இங்க வந்தா ஒரு பூரிக்கட்டை கொடுத்து விடுங்க. இப்போதைக்குக் காலி பீர் பாட்டில்லதான் தேய்க்கிறேன். அப்பாகிட்ட மட்டும் ஜூஸ் பாட்டில்னு சொல்லிடுங்க.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்