போஷ் பிளாட்டுக்கு ஒரு பூர்வீகம்

(அடுக்குமாடி விளம்பரத் துண்டறிக்கை அச்சுக்குப் போக இருக்கிறது. மேஜைக்கு ஒரு பக்கம் கட்டட முதலாளி. மறுபக்கம் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் அகிலா.)

முதலாளி: பாத்தாச்சா அகிலா? எழுத்துப் பிழை மட்டும் பாத்தா போதும். மேட்டர் நானே உக்காந்து எழுதினது.

அகிலா: எழுத்துப் பிழை ரெண்டுதான் சார். சரித்திரப் பிழை ஒரு பத்தி நீளத்துக்கு இருக்கு.

முதலாளி: ஆடம்பரம்னு அர்த்தம் வர்ற 'போஷ்'ங்கிற சொல்லைப் பத்தி எழுதினதையா சொல்ற? அந்தப் பத்திதாம்மா உயிரே! வெள்ளைக்காரன் காலத்துல லண்டன்லேர்ந்து பம்பாய்க்குக் கப்பல்ல வர்ற பணக்காரன் இடது பக்க கேபினா பாத்து எடுப்பான். திரும்பிப் போறப்ப வலது பக்கம். ரெண்டு தடவையும் வடக்குப் பாத்த அறை, வெயில் அண்டாது. போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம். இங்கிலீஷ்ல முதல் எழுத்தெல்லாம் சேத்தா போஷ்! பி அண்ட் ஓ கப்பல் கம்பெனிக்காரன் டிக்கெட்லயே ஊதா மையில அதைக் குத்திக் குடுப்பானாம். கவனி, ஊதா மை!

அகிலா: மை நிறம் வரைக்கும் சொல்றாங்க, டிக்கெட்டைத்தான் யாரும் காட்ட மாட்டேங்கிறாங்க. தேடாத ஆள் இல்ல. அப்படி முத்திரை குத்தின ஒண்ணுகூட இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.

முதலாளி: பயணம் முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டிருப்பான்.

அகிலா: அந்தக் கப்பல்ல என்ன சூப் ஊத்தினாங்கன்னு மெனு அட்டையைக்கூடப் பத்திரப்படுத்தி வெச்சிருக்காங்க சார். டிக்கெட்டை மட்டும் எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டுக் கிழிச்சாங்களா?

முதலாளி: சரி, வெயில் கணக்காவது பொய்யில்லையே?

அகிலா: பாதி நிஜம். மத்தியதரைக்கடல்ல கிழக்கால வர்றப்ப இடது பக்கம் வடக்குதான். சூயஸ் கால்வாய்க்குள்ள நுழைஞ்சதும் கப்பல் தெக்கால திரும்பிடும். செங்கடல் முழுக்க இடது பக்கம் கிழக்கு. பயணத்துலயே ஆளை வேகவைக்கிற இடம் அதுதான். அங்க உங்க சீமான் கேபின்ல காலைச் சூரியன் முதல் ஆளா வந்து உக்காரும்.

முதலாளி: சாயங்கால வெயில் படாதுல்ல?

அகிலா: படாது. அந்த ஒரு மார்க் உங்களுக்கு. ஆனா ஜூன் மாசம் பம்பாய் கிட்ட வர்றப்ப சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கேயே நிக்கும். இடது பக்கத்துக்கு அதிகமாக் காசு குடுத்தவன் யார்கிட்டப் போய்க் கேப்பான்? அதை விடுங்க. கேபின் நல்லதா கெட்டதாங்கிறது இல்ல வழக்கு, இந்தச் சொல்லு அங்க பிறந்துச்சாங்கிறதுதான். கப்பல் கதை அச்சுல தலைகாட்டுறது 1930கள்லதான். 1918-லேயே லண்டன் பஞ்ச் பத்திரிகையில ஒரு கேலிச்சித்திரம் வந்தாச்சு. விமானப்படைப் பையன் வீட்டுக்கு வந்து 'போஷா பொழுது போச்சு'ங்கிறான். அம்மாவுக்குப் புரியல. என்னடா அர்த்தம்னு கேட்டா, அதே மாதிரி இன்னொரு கொச்சைச் சொல்லை எடுத்து விடுறான். கப்பலும் இல்ல, கேபினும் இல்ல.

முதலாளி: அப்ப வேற எங்கதான் பிறந்துச்சு? பெரிய இடத்துச் சொல்லு, பிறப்பும் பெரிய இடமாத்தான் இருக்கும்.

அகிலா: சொன்னா வருத்தப்படக் கூடாது. 19ஆம் நூற்றாண்டு லண்டன்ல திருடர்களும் தெருவாசிகளும் போஷ்னு சொன்னது சில்லறைக் காசை. முக்கியமா அரைப் பென்னி.

முதலாளி: அரைப் பென்னியா!

அகிலா: ஆமா. ரோமானி நாடோடிகள் பாஷையில போஷ்னா பாதி. அங்கேர்ந்து வந்திருக்கலாங்கிறாங்க. அந்த ரோமானி ஜனங்களோட முன்னோர் வட இந்தியாவிலேர்ந்து சுமார் ஆயிரம் வருஷம் முன்னாடி கிளம்பினவங்க. இந்தியாத் தொடர்பு வேணும்னா அதை வேணா போட்டுக்கலாம்.

முதலாளி: ஒண்ணேகால் கோடி ரூபா பிளாட்டுக்கு நாடோடியோட அரைக்காசைப் பூர்வீகமாப் போடச் சொல்றியா?

அகிலா: 1890 வாக்குல வந்த கொச்சை அகராதியில போஷ்னா மினுக்கிக்கிட்டுத் திரியிற ஆள்னு இன்னொரு பொருளும் இருக்கு. 1892-ல வந்த 'தி டைரி ஆஃப் எ நோபடி' நாவல்ல மரே போஷ்னு ஒரு பணக்காரன் வர்றான்.

முதலாளி: அப்படிச் சொல்லு! என்ன பிரபுவா?

அகிலா: மூணு ஷில்லிங் தொப்பி விக்கிறவன்.

முதலாளி: அகராதிக்காரன் முடிவா என்னதாம்மா சொல்றான்?

அகிலா: ஆக்ஸ்ஃபோர்டு அகராதி மூலம் நிச்சயமில்லைன்னு கையை விரிச்சிடுச்சு. அதுக்கு ஒரு நேர்மை வேணும் சார். நம்ம ஆளுங்களுக்கு ஒரு சொல்லைக் குடுத்தா முதல்ல அதுக்குக் குலம் கோத்திரம் எழுதிட்டுத்தான் மறுவேலை. இங்கிலீஷ்காரனும் அதையேதான் பண்ணியிருக்கான், நடுவுல ஒரு கப்பலை விட்டு.

முதலாளி: போகட்டும். கதையை எடுத்துடு, சொல்லு இருக்கட்டும். ஐ.டி. பசங்க போஷ்னா மயங்கிடுவாங்க.

அகிலா: அதுக்குத்தான் வர்றேன். கடைசி வரியில 'எங்கள் போஷ் கமிட்டி உங்களை அன்புடன் அழைக்கிறது'ன்னு எழுதியிருக்கீங்க.

முதலாளி: விற்பனைக் குழுன்னா சப்புனு இருக்கு. அதான்.

அகிலா: ஐ.டி. ஆபீஸ்ல போஷ்னா 2013-ல வந்த ஒரு சட்டத்தோட சுருக்கப் பேரு. வேலை பாக்குற இடத்துல பெண்களுக்குப் பாலியல் தொல்லை குடுத்தா விசாரிக்கிற சட்டம். ஒருத்தனைப் போஷ் கமிட்டி கூப்பிடுதுன்னா அவன் மேல புகார் வந்திருக்குன்னு அர்த்தம். உங்க நோட்டீஸைப் பாத்தா அவன் பிளாட் பாக்க வரமாட்டான், வக்கீலைப் பாக்கப் போவான்.

முதலாளி: (தலையில் கை வைத்து) ஐயையோ! அதையும் அடிச்சிடு. 'வைசிராய்கள் வாழ்ந்த அதே வடதிசைக் குளிர்ச்சி'ங்கிற தலைப்பாவது நிக்குமா?

அகிலா: பின்பக்கத்துல வீட்டு பிளான் அச்சடிச்சிருக்கீங்களே, அதுல திசை காட்டுற அம்புக்குறியைப் பாத்தீங்களா? ஹால், பெரிய பெட்ரூம், பால்கனி மூணும் மேற்கு. வடக்கே இருக்கிறது லிஃப்டும் குப்பைத் தொட்டி வைக்கிற இடமும்.

முதலாளி: அப்ப தலைப்புல என்னதாம்மா போடுறது?

அகிலா: 'மேற்குப் பார்த்த வீடு, மாலை வெயில் உண்டு, விலை பேசிக் குறைத்துக்கொள்ளலாம்.' இதுல ஒரு பிழைகூட இல்ல சார், நான் பாத்துட்டேன்.